ஓசூர் மச்சானுக்கு

ராணிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டேன். போனில் பேசினால் ரெண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். 19 வருடம் உழைத்த இடத்தில் உனக்குப் பின்னால் வந்தவனை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள், வேலையை விட்டுவிடவா என்கிறாய். கோபம் நியாயம்தான். ஆனால் ராஜினாமாவை இந்த மாதம் எழுதாதே.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். தோல் கம்பெனியில், தோலை உருளைகளில் போட்டுப் பதனிடும் டிரம் யார்டில் 11 வருடம் சூப்பர்வைசர். ஊறவைப்பு, சுண்ணாம்பு, பிக்கிள், குரோம் என்று பதனிடும் படி எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அடுத்த புரொடக்‌ஷன் மேனேஜர் நான்தான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. முதலாளியின் உறவுக்காரப் பையன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். என்னை இ.டி.பி.க்கு, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். கழிவுநீர் பக்கம் போவதென்றால் நம்மூரில் தண்டனைதானே. ரெண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உன் தங்கச்சி தட்டைப் போட்டு மூடிவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

முதல் மாதமே, கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேஷன் தொட்டியில் நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிருந்த பழைய ஆபரேட்டர் அண்ணன், "இது மாடு மாதிரி தம்பி, தீனி மாறினா வயிறு கெடும்" என்றார். தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்தான் கழிவைத் தின்கிறது. சுண்ணாம்புப் பக்கத்திலிருந்து சல்பைடு தண்ணீரைத் திடீரென்று திறந்துவிட்டால் அது சாகும். 11 வருடமாக யோசிக்காமல் திறந்துவிட்டவன் நான்தான்! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டிரம்மும் தெரிந்து, தொட்டியும் தெரிந்த ஆள் அங்கே கிடையாது. வரும் தண்ணீரின் வாசனையை வைத்தே எந்தப் பக்கத்து வேலை என்று என்னால் சொல்ல முடிந்தது. குரோம் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, அமிலத்தில் கரைத்துத் திரும்ப டிரம்முக்கே அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். செல்போனில் ஐ.ஐ.டி.க்காரர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடம் பார்த்துத் தேர்வும் எழுதினேன். முதல் தடவை ஃபெயில். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொன்று. 1996-இல் நாம் பத்தாவது படித்தபோது தோல் கம்பெனிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லையென்றால் பூட்டு என்று வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே, நினைவிருக்கிறதா? அப்பாக்கள் எல்லாம் டீக்கடையில் கவலையாக உட்கார்ந்திருந்தார்கள். வேலை போகப்போகிறது என்றுதான் அன்று எல்லோரும் பேசினார்கள். எனக்கு இன்று சோறு போடுவது அந்தத் தீர்ப்பால் வந்த வேலை.

சரி, உன் விஷயம். ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. பத்து நாளைக்கு, உன்னை யார் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் எழுது. புது மேனேஜர் வந்த பிறகும் கஸ்டமர் புகார் வந்தால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததை எட்டுப் படியாக எழுதும் 8டி ரிப்போர்ட்டுக்கு உன்னைத்தானே தேடுகிறார்கள்? பார்ட்ஸ் சப்ளை செய்கிற சின்னக் கம்பெனிகளுக்கு ஆடிட் போவதும் நீதான். அந்த வேலைக்கு ஓசூரில் வெளியே ஆள் தேடுகிறார்களா என்று விசாரி. அப்புறம் உன் கம்பெனிப் பெரியவரிடம் போய், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று சண்டை போடாதே. என்ன குறை என்று கேள். நான் கேட்காமல் இருந்தது 11 வருடம். வீட்டுக் கடன் வேறு இருக்கிறது உனக்கு. ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் ரோஷத்தில் கிளம்பாதே.

இங்கே வெயில் வழக்கம்போல. 2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகியும் அம்மா இன்னும் வடாற்காடு என்றுதான் விலாசம் எழுதச் சொல்கிறாள். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் வந்திருக்கிறது, நீ வந்தால் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்கிறேன் என்கிறாள். அடுத்த ஞாயிறு பஸ் ஏறு. வரும் வழியில் ஆம்பூரில் இறங்கி பிரியாணி வாங்கிக்கொள், காசு நான் தருகிறேன். நோட்டையும் எடுத்து வா.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்