சுங்கை சிப்புட்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், தேதி போட்டேன், அதற்குள் அத்தை கூப்பிட்டார், அப்புறம் அந்தத் தாள் அரிசி டின்னுக்கு மேலேயே கிடந்தது. கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது என்று நினைத்தால் மனசு குத்துகிறது. போனில்தான் பேசுகிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் போனில் உன் பக்கத்தில் அம்மா, என் பக்கத்தில் அத்தை, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அதோடு சரி. நீ நான்கு பக்கம் எழுதியிருந்தாய். அதில் உன் பாப்பாவுக்கு இங்கிலீஷ் பேச மட்டும் வாய் வரவில்லை என்று எழுதிய ஒன்றரைப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் இங்குள்ள சேதி. எல்லோரும் சுகம். டுரியான் காலம் ஆரம்பித்துவிட்டது, டவுன் முழுக்க அந்த வாசனைதான். முதல் வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன், இந்த வருஷம் நானே நின்று விலை கேட்கிறேன். காலையில் நாசி லெமாக் விற்பார்கள், தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, மேலே காரமாக சம்பல், எல்லாவற்றையும் இலையில் மடித்துக் கொடுப்பார்கள். காலைச் சாப்பாட்டை இங்கே 'பசியாறுவது' என்பார்கள், வந்த புதிதில் அத்தை என்னைப் 'பசியாறிட்டியா' என்று கேட்டபோது நம் பாட்டியே எதிரில் நின்ற மாதிரி இருந்தது. இவருடைய லோரி ஒரு மாதமாகப் பட்டறையில் நிற்கிறது, அதனால் இவர் வீட்டில்தான் இருக்கிறார், நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வளையல் பத்திரமாக இருக்கிறது. அம்மா கேட்டால் அப்படியே சொல்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கிராணித் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் அனுப்பிய போட்டோவில் வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறாரே, அவர்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுபவரை இங்கே கிராணி என்பார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தவர். 1948இல் பிறந்தவர். அந்த வருஷம் ஜூன் மாதம்தான் இதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள், அதிலிருந்து நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் வந்து 1960 வரைக்கும் நீடித்தது. இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தபோது அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். மனைவி போய்விட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில்.

தினமும் காலை ஏழு மணிக்கு நான் துணி காயப்போடப் போனால் வேலியோரம் வந்து நின்று இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்பார். ஒரே ஒரு கேள்விதான், ஆனால் பதில் முழு வாக்கியமாக வர வேண்டும். 'தோசை' என்றால் நகரமாட்டார், 'ஐ மேட் தோசை திஸ் மார்னிங்' என்று சொல்லும்வரை கையில் செம்பருத்திப் பூவோடு நிற்பார். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது, அப்போதும் விடவில்லை. முதல் மாதம் கோபமாக வந்தது. இப்போது அவர் உடம்பு முடியாமல் ஒருநாள் வராவிட்டால் அந்தக் காலை எனக்கு விடிந்த மாதிரியே இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்துப் பின்னறையில் வகுப்பு நடத்துகிறார், காசு கிடையாது. ஏழு பேர் வருகிறோம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், காவல் வேலைக்குப் போகும் ஒரு அண்ணன், பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்துப் பையன் எல்லோரும் பாப்பா மாதிரிதான். படித்தால் புரியும், ஃபாரம் நிரப்புவார்கள், டிவியில் பேசினால் முக்கால்வாசி விளங்கும், வாயைத் திறந்தால் மட்டும் அடைத்துக்கொள்ளும். இங்கே பள்ளிக்கூடங்களில் ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோலை வைத்துத்தான் மொழி அறிவைப் பார்க்கிறார்கள், ஏ ஒன்றில் தொடங்கி சி இரண்டு வரை. நாங்களெல்லாம் நடுவில், பி ஒன்று. அந்தப் படியில் இருப்பவர் கண்டதை, பட்டதை, ஆசைப்படுவதை எளிய வார்த்தையில் சொல்லி, ஏன் என்பதற்கும் சுருக்கமாகக் காரணம் சொல்ல வேண்டும். இலக்கணம் பாப்பாவுக்கு அதற்கு மேலேயே தெரியும் அக்கா. அவளுக்கு இல்லாதது பேச ஒரு விஷயம்.

குரூப் டிஸ்கஷனில் உலகமயமாதல் என்று தலைப்புக் கொடுத்தார்கள், அவள் வாயே திறக்கவில்லை, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். தமிழிலேயே பேசச் சொன்னாலும் அதைப் பற்றி நம் வீட்டில் யார் இரண்டு நிமிஷம் பேசுவோம்? தாத்தாவும் ஆரம்பத்தில் சுற்றுச்சூழல் மாசு, அறிவியல் வளர்ச்சி என்று பேப்பரில் இருந்து தலைப்பு எடுத்து வந்தார். இரண்டு வாரம் யாரும் பேசவில்லை, மின்விசிறி சத்தம்தான். மூன்றாவது வாரம் அதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, புளியையே பார்த்திராத ஒருவனுக்கு உங்கள் ஊர் மீன்குழம்பு வைக்கச் சொல்லிக்கொடு என்றார்.

அன்றைக்குக் கால் மணி நேரம் பேசினேன். ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக வந்தது. புளியைக் கரைத்தேன், விராலைக் கழுவிப் போட்டேன், தாளிக்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். தாளிப்பதற்கு இங்கிலீஷில் என்ன? கையுறைத் தொழிற்சாலைப் பெண் 'ஃப்ரை' என்றாள், காவல்கார அண்ணன் அது பொரிப்பது என்றார், ஒரே சத்தம். அதற்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, 'டெம்பர்', ஆனால் அது வரும்வரை நீ காத்திருந்தால் குழம்பு ஆறிவிடும், கண்ணால் பார்ப்பதைச் சொல் என்றார் தாத்தா. எண்ணெய் சூடாகட்டும், கடுகைப் போடு, வெடிக்கும்வரை பொறு, குழம்பில் ஊற்று. நாலு வாக்கியமும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்! நம் பாப்பா ஒரு வார்த்தை வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள், சின்ன வயதில் திருக்குறள் ஒப்பிக்கும்போதும் அப்படித்தானே. வார்த்தை இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகச் சொல்.

கேள்வி கேட்கிற விதமும் முக்கியம். சினிமா பிடிக்குமா என்று கேட்டால் 'யெஸ்', முடிந்தது. எந்தப் படத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தாய், ஏன் என்று கேட்டால் எண்ணெய் நிலையத்துப் பையன்கூடப் பேசுகிறான். இங்கே எல்லோரையும் பேசவைத்தவை என்னென்ன என்றால், தொலைத்த பொருள், பயந்துபோன ஒரு ராத்திரி, கெட்டுப்போன சாமானைக் கடையில் திருப்பிக் கொடுப்பது, வெளியூர்க்காரருக்குக் கோலகங்சாரில் 1877இல் நட்டு இன்றைக்கும் நிற்கும் கித்தா மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, வழி சொல்வது. பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகலாமா கூடாதா என்று வைத்த வாரம் மட்டும் சண்டையே வந்தது, ஏனென்றால் எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் தாத்தா பாட்டிதான் இருக்கிறார்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ஐ சீ யுவர் பாயின்ட், பட்' என்று ஆரம்பித்துத்தான் மறுக்க வேண்டும் என்பது தாத்தாவின் சட்டம். அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் பாப்பா அன்றைக்கு நடுவில் நுழைந்திருப்பாள். பத்தாயிரம் வெள்ளி, இந்த ஊர்ப் பணம்தான், கிடைத்தால் என்ன செய்வாய் என்றும் ஒருநாள் கேட்டார். கூரை மாற்றுவேன், மோட்டார் சைக்கிள் வாங்குவேன் என்றார்கள். நான் விமானச் சீட்டு என்று சொல்லி, அடுத்தவரைக் கேளுங்கள் என்றுவிட்டேன்.

இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. புதிதாக வந்த ஒரு பெண், பாவம், பாடப்புத்தகத்தில் உள்ளபடியே, உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று என்னைக் கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் இங்கிலீஷில் தெரியும், வாய் வரவில்லை. தாத்தா உடனே எழுந்துபோய் பலகையில் 'ஐட் ராதர் நாட் டாக் அபௌட் தட்' என்று எழுதி, எல்லோரையும் மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வைத்தார். அதிலிருந்து எந்தக் கேள்வியையும் இதைச் சொல்லித் தாண்டிப் போகலாம். பாப்பாவுக்கும் இந்த வாக்கியம் கட்டாயம் வேண்டும் அக்கா, இன்டர்வியூவில் கல்யாணம் எப்போது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதை அவள் தனியாகவே செய்யலாம். ஒரே கதையை ஒருவரிடம் நான்கு நிமிஷம் சொல்ல வேண்டும், அடுத்தவரிடம் அதையே மூன்று நிமிஷத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிஷத்தில். இரண்டாம் தடவையே திக்கல் குறைந்துவிடும், ஏனென்றால் என்ன சொல்வது என்ற யோசனை தீர்ந்துபோகும். பேசும்போது யாரும் திருத்தக் கூடாது. தாத்தா தவறுகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்துக் கடைசியில்தான் சொல்வார், அதுவும் யார் செய்த தவறு என்று சொல்லமாட்டார். ஆள் கிடைக்காவிட்டால் போனில் பதிவு செய்து அவளே கேட்கட்டும். அத்தானை மட்டும் பக்கத்தில் உட்கார விடாதே, உடனே திருத்த ஆரம்பித்துவிடுவார்.

போன ஞாயிறு தலைப்பு, நீ வளர்ந்த வீடு. முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்லும் 'யூஸ்ட் டு' பழகுவதற்காக வைத்தது. முதல் ஆளிடம் நன்றாகத்தான் சொன்னேன், திண்ணை, கிணற்று ராட்டினம், கோடையில் பாமணி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்போமே அது, அப்பாவின் சைக்கிள் மணி. இரண்டாவது ஆளிடம் சொல்லும்போது, என் அக்கா திண்ணையில் உட்கார வைத்து எனக்குத் தலை பின்னிவிடுவாள் என்ற வாக்கியத்துக்கு வந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. நல்லவேளை, அதே நேரம் மழை தகரக் கூரையில் கொட்டியது, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இங்கே பத்து நிமிஷம் நடந்தால் பாமாயில் எடுக்கிற செம்பனைதான், மரத்துக்குப் பின்னால் மரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை அங்கேயே முட்டி நின்றுவிடும். நம் வயல் வரப்பில் நின்றால் அடுத்த ஊர்க் கோபுரம்வரை தெரியுமே அக்கா, அதை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருக்கிறது.

மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா? பன்னிரண்டாம் தேதி திறந்தால் கடைமடைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று இவர் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷனை அறுவடைவரைக்கும் தள்ளாதே, முதலில் வலது கண்ணையாவது முடித்துவிடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தம்பியை லீவு போடச் சொல், அவனுக்கு அம்மா இல்லையா? பெண் பார்த்த வீட்டுக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும், அந்தப் பெண்ணைக் காத்திருக்க வைப்பது பாவம். வாய்க்காலோர நிலத்துப் பட்டாவில் என் கையெழுத்து வேண்டும் என்று சித்தப்பா சொன்னாராமே, என்ன எழுதியிருக்கிறது என்று நீ முழுவதும் படித்துப் பார்த்த பிறகு அனுப்பு. பாப்பா ஃபீஸுக்கு நான் சொன்ன பணம் லோரி வெளியே வந்ததும் அடுத்த மாதம் வந்துவிடும், அதற்காக அத்தான் வட்டிக்கு எங்கேயும் வாங்க வேண்டாம், இதை அழுத்திச் சொல்.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாப்பாவைப் போனோடு மாடியில் உட்காரச் சொல். உங்களுக்கு அஞ்சரை மணி, எனக்கு ராத்திரி எட்டு. அரை மணி நேரம் நாங்கள் இருவரும் இங்கிலீஷில் மட்டும்தான் பேசுவோம். முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடு, அவள் யோசித்து வைக்கட்டும்: கொல்லையில் இருந்த புளியமரத்தை வெட்டிய அன்றைக்கு வீட்டில் என்னென்ன நடந்தது? நான் அப்போது அங்கே இல்லை, யாரும் எனக்கு முழுசாகச் சொல்லவும் இல்லை.

அன்புடன்,
உன் தங்கை