தொப்பி விஷயமா உனக்கு ஒரு லெட்டர்

டேய் கண்ணா,

நேத்து நைட்டு நீ ஃபோன்ல அவ்ளோ கோவமா பேசிட்டு வச்சதுல எனக்கு தூக்கமே வரல. வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ பாதிலயே நிறுத்திடுவ, அதான் டைப் பண்றேன், டிராம்ல போறப்ப நிதானமா படி.

உன் தீசிஸ் கைடுக்கு ஃப்ரெஞ்ச்ல மெயில் எழுதியிருக்க, "நீங்க எனக்கு இத விளக்கியிருந்தா நல்லாருந்துருக்கும்"னு, அதுல 'எக்ஸ்ப்ளிகாஸியே'ன்னு சுப்ஜோன்க்திஃப் ஏன்பார்ஃபேல, அதான் ஆசை பயத்த சொல்ற வினையோட பழைய இறந்தகால வடிவத்துல, போட்டிருக்க, அந்தம்மா அத லேப்ல சத்தமா படிச்சு காட்டி எல்லாரும் சிரிச்சிருக்காங்க, யாரோ ஒருத்தன் உன்ன அந்தக்கால ராஜா 'பதினாலாம் லூயி'ன்னு கூப்டுட்டானாம். அதுக்கு நீ என்ன திட்ற, "நீதானம்மா சின்ன வயசுல உக்கார வச்சு மனப்பாடம் பண்ண வச்ச"ன்னு. ஆமாண்டா, நான்தான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நீ எழுதினது தப்பே இல்ல, இலக்கணப்படி அப்பழுக்கு சொல்ல முடியாது. தப்பு என்னன்னா அத இப்ப யாரும் மெயில்ல எழுதறதில்ல, 'எக்ஸ்ப்ளிகியே'ன்னு அதோட நிகழ்கால வடிவத்துல, பிரசன்ட் சுப்ஜோன்க்திஃப்ல போட்டுட்டு போய்ட்டே இருப்பாங்க. வேட்டிய மடிச்சு கட்டிகிட்டு டீக்கடைல நிக்கறவன்கிட்ட போயி "தாங்கள் எனக்கு விளக்கியருள்க"ன்னு சொன்னா எப்டி இருக்கும், அந்த கதைதான். அதுக்காக ஒரு புள்ளையோட மெயில நாலு பேர் முன்னாடி படிச்சு காட்டறது எந்த ஊர் மரியாதைன்னு எனக்கு தெரியல, அது வேற விஷயம்.

முப்பது வருஷம் ஃப்ரெஞ்ச் டீச்சரா இருந்தவ சொல்றேன், இந்த சுப்ஜோன்க்திஃப் ஏன்பார்ஃபே அளவுக்கு ஈஸியான ஃபார்ம் கிடையாது. பசங்க எல்லாம் இதுக்குதான் பயப்படுவாங்க, ஆனா விதிவிலக்கே இல்லாத எடம் இது. பாஸே ஸேம்ப்ல்ல, அதான் எழுத்துல மட்டும் வர்ற இறந்தகாலத்துல, 'த்யு'வுக்கு, 'நீ'ங்கறதுக்கு வர்ற ஃபார்ம எடுத்துக்கோ, 'த்யு பார்லா', எழுதறப்ப கடைசில ஒரு எஸ் இருக்கும்ல, அதோட இன்னொரு எஸ், ஒரு ஈ சேத்தா 'பார்லாஸ்' வந்துடும். அவ்ளோதான். 'வெனீர்'னா (வர்றது) 'வேன்ஸ்', 'புவுவார்'னா (முடியறது) 'ப்யூஸ்', 'எத்ர்'னா (இருக்கறது) 'ஃப்யூஸ்'. பாஸே ஸேம்ப்ல் தெரிஞ்சவனுக்கு இது இனாம். சிக்கல் என்னன்னா அந்த பாஸே ஸேம்ப்லே பேச்சுல இருந்து போயிடுச்சு, நாவல்லயும் சரித்திர புக்லயும்தான் இருக்கு, அப்ப அது மேல கட்டின மாடி மட்டும் எப்டி நிக்கும்?

சத்தமும் இதுக்கு எதிரிடா. 'ஆஸ்'னு முடியற வார்த்தைங்க ஃப்ரெஞ்ச்ல நெறைய எடத்துல எளக்காரமா இருக்கும், வேண்டாத காகிதக் குப்பைக்கு 'பாப்ராஸ்', உப்பு சப்பில்லாததுக்கு 'ஃபாதாஸ்'. அதே சத்தத்துல ஒருத்தன் "நான் பேசினாஸ்"னு ஆரம்பிச்சா சிரிப்பு வராம என்ன பண்ணும். 'அஸாஸினாஸியே'ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, 'நீங்க என்ன கொல பண்ணணும்'ங்கறதுக்கு, க்ளாஸ்ல அத நான் சொன்ன ஒடனே கடைசி பெஞ்ச் கீழ விழுந்து பொரளும்.

ஆனா படர்க்கை ஒருமை இருக்கு பாரு, அவன் அவள், அது மட்டும் தனி ஜாதி. அங்க 'ஸ்' கிடையாது, உயிரெழுத்து மேல ^ மாதிரி ஒரு தொப்பி, கடைசில வாயில வராத ஒரு டி. 'பார்லா', 'ஃபினீ', 'ஃப்யூ'. காதுல கேட்டா பாஸே ஸேம்ப்ல்லேந்து பிரிச்சு சொல்லவே முடியாது. தொப்பி இருக்கா இல்லையான்னு கண்ணு பாத்தாதான் உண்டு. அந்த தொப்பியும் சும்மா அலங்காரம் இல்ல, அந்த காலத்துல அங்க ஒரு எஸ் இருந்துச்சு. லத்தீன்ல 'அமாவிஸ்ஸெத்', பழைய ஃப்ரெஞ்ச்ல 'அமாஸ்த்', அப்பறம் எஸ் சத்தம் செத்துபோச்சு, 1740ல ஃப்ரெஞ்ச் அகாதெமிங்கற மொழிச் சபை டிக்ஷனரி போட்டப்ப இந்த மாதிரி செத்த எஸ் நெறைய எடுத்துட்டு தொப்பி வச்சாங்க. ஹாஸ்பிட்டல் 'ஒப்பித்தால்' ஆனதும் ஃபாரஸ்ட் 'ஃபோரே' ஆனதும் அதே கதைதான், இங்லீஷ்காரன் எஸ்ஸ வச்சுகிட்டான், இவங்க சமாதி கட்டிட்டாங்க. 1990ல ஸ்பெல்லிங்க சீர்திருத்தறோம்னு வந்து ஐ, யு மேல இருக்க தொப்பிங்கள எடுத்துடலாம்னு சொன்னப்ப கூட இந்த வினைமுடிவுல இருக்கறதுல கை வைக்கல, தெரியுமா?

ஏன்னா எடுத்தா அர்த்தம் போயிடும். 'அப்ரே கில் ஃப்யூ பார்தி', அவன் போனப்பறம். 'அவான் கில் ஃப்யூ பார்தி', அவன் போறதுக்கு முன்னாடி. மொதல் ஃப்யூவுக்கு தொப்பி கெடையாது, நடந்து முடிஞ்சத சொல்றது. ரெண்டாவதுக்கு உண்டு, இன்னும் நடக்காதது. வாயில ரெண்டும் ஒண்ணுதான். உங்க தாத்தா இத எனக்கு திண்ணைல உக்காந்து சொல்லி குடுத்தார், எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, நான் முன்னாடிக்கும் தொப்பி இல்லாம எழுதிட்டேன், சிவப்பு பென்சில காதுலேந்து எடுத்து ஒரு சின்ன கூரை போட்டுட்டு "வெய்யில்ல வெறுந்தலையோட அனுப்பாத பாப்பா"ன்னார். கோர்ட்ல எழுத்தரா இருந்தவரு, 1954 நவம்பர்ல புதுச்சேரில ஃப்ரெஞ்ச் கொடி எறங்கி இந்திய கொடி ஏறினப்பவும் அதே மேசைதான், 1962ல சட்டப்படி எல்லாம் கைமாறி ஃப்ரெஞ்ச் குடியுரிமை வேணும்ங்கறவங்க ஆறு மாசத்துல சொல்லணும்னு வந்தப்ப நம்ம வீட்ல எழுதி குடுக்கல, ஆனா தெருவுல இருந்த சொல்தா, அதான் ஃப்ரெஞ்ச் பட்டாளத்துக்காரங்க, வீடுங்களுக்கு பென்ஷன் மனு எல்லாம் அவர்தான் எழுதினார். ஒரு மனுவுக்கு காசு வாங்க மாட்டார், ஒரு காபி போதும். அந்த மனுல எல்லாம் இந்த ஏன்பார்ஃபே துள்ளும், அதிகாரி படிச்சிட்டு நாற்காலிலேந்து எழுந்துக்கணும்னு நெனப்பார் போல.

ஆனா அப்பவே ஃப்ரான்ஸ்ல இது தளர்ந்தாச்சு. "அவன் வந்தா தேவல"ன்னு கண்டிஷனல்ல சொல்லிட்டு பின்னாடி 'வேன்' போடாம 'வியென்'னு போட்டாலும் பரீட்சைல தப்புன்னு எடுத்துக்க வேணாம்னு 1901 பிப்ரவரிலயே அரசு ஆர்டர் போட்டாச்சு. தாத்தா பொறக்கறதுக்கே முன்னாடிடா அது! அவருக்கு பாடம் எடுத்தவங்க அத கண்டுக்கல, அவர் எனக்கு சொன்னப்ப கண்டுக்கல, நான் உனக்கு சொன்னப்பவும் கண்டுக்கல. இதுதான் நான் பண்ண தப்பு. வினைய திரிக்க கத்துக் குடுத்தேன், எங்க போடணும் எங்க போடக்கூடாதுன்னு சொல்லல. பேச்சுல வேணாம், மெயில்ல வேணாம், உன் தீசிஸ்ல தேவைப்பட்டா அந்த தொப்பி வச்ச ஒருமை மட்டும் போடு, 'ஃப்யூ', 'யூ' ரெண்டும் இப்பவும் கண்ண உறுத்தாது. 'ந ஃப்யூஸ் க'ன்னு சொல்றவங்க இருக்காங்க, 'அட்லீஸ்ட்'ங்கறதுக்கு, அதுக்குள்ளயே இது ஒளிஞ்சிருக்கு, சொல்றவனுக்கே தெரியாது. நம்ம 'வருக வருக' மாதிரி, வீட்ல யாரும் வருகன்னு கூப்டறதில்ல, கல்யாண மண்டபத்து வாசல்ல மட்டும் செத்துபோகாம நிக்குது.

தமிழ்ல நமக்கு இந்த தொல்லையே இல்ல பாரு. நீ வரணும்னு ஆசப்படறேன், நீ வரணும்னு ஆசப்பட்டேன், வரணும் அங்கயே இருக்கு. ஃப்ரெஞ்ச்காரனும் இப்ப அந்த வழிக்குதான் வந்துட்டான். உன் ரூம்ல இருக்க ஸ்பெயின்காரன் சிரிக்கலன்னு சொன்னியே, அவன் எதுக்கு சிரிப்பான், அவன் பாஷைல தெனமும் காய்கறி கடைலயே இந்த ஃபார்ம பேசறான்.

இன்னொண்ணு, இத சொல்லாம விட மனசு வரல. ராசீனோட ஆந்த்ரோமாக் நாடகத்துல, 1667ல வந்தது, புருஷன பறிகுடுத்த தாய் சொல்றா, என் புள்ள வளந்து அப்பாவுக்காக பழி வாங்குவான்னு எதிரிங்க பயப்படல, அம்மா கண்ணீர தொடைப்பான்னுதான் பயப்படறாங்கன்னு. 'பயப்படறாங்க' நிகழ்காலம், ஆனா 'தொடைப்பான்'க்கு ஏன்பார்ஃபே போட்டிருக்கார், 'எஸ்ஸுயியா'ன்னு. ரூல் படி பாத்தா இங்க வரவே கூடாது. ஆனா அந்த புள்ளைய உயிரோட விட்டா தானே தொடைக்கறதுக்கு, அந்த 'விட்டா'வ அவர் தனியா எழுதவே இல்ல, தொப்பிக்குள்ள வச்சிட்டார். காலேஜ்ல இது எனக்கு கேள்வி எண் நாலு, அஞ்சு மார்க். நீ ஏர்போர்ட்ல உள்ள போனப்பறம் கார்ல திரும்பி வரப்பதான் என்னவோ ஞாபகம் வந்துச்சு.

இன்னிக்கி காலைல பரண்லேந்து தாத்தாவோட மனு நோட்ட எடுத்தேன், உனக்கு ஒரு பக்கம் ஃபோட்டோ எடுத்து அனுப்பலாம்னு. கடைசி பக்கங்கள்ல பாட்டி ஆஸ்பத்திரில இருந்த சமயம், உங்க பெரிய மாமாவுக்கு ஃப்ரெஞ்ச்ல ஒரு லெட்டர் ட்ராஃப்ட். அவ போறதுக்கு முன்னாடி வந்து பாத்துடுன்னு. 'அவான்'தான் போட்டிருக்கார், ஆனா ஃப்யூவுக்கு தொப்பி இல்ல. நான் பென்சில எடுத்துட்டேன்டா, ரொம்ப நேரம் வச்சிருந்தேன், அப்பறம் மூடி வச்சிட்டேன். ஃபோட்டோ தனியா அனுப்பறேன், நீயும் அத திருத்தாத.

வடவம் காஞ்சிடுச்சு, அடுத்த வாரம் உன் ஃப்ரெண்டு கிட்ட குடுத்து அனுப்பறேன். அங்க கடைல 'வாதூவான்'னு பேர் போட்டு டப்பால விக்கறத காசு குடுத்து வாங்காத. ஸ்வெட்டர் போட்டுக்கோ.

அம்மா