448-க்கு 448

சென்னை-2

அன்புள்ள சிதம்பரம்,

காலண்டர் சீசன் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டதும் முதல் வேலையாக எனக்கு எழுதியிருக்கிறாய். நான்தான் பதில் போட மூன்று வாரம் இழுத்துவிட்டேன். கண்தான் காரணம். மைக்ராஸ்கோப் இல்லாமல் இப்போது ஒரு பால்கூடத் தெரிவதில்லை. பசும்பால் இல்லையப்பா, சிப்புக்கு அடியில் இருக்கிற ஈயப் பொட்டு.

உன் வீட்டுத் தம்பி கேட்ட கிராபிக்ஸ் கார்டு, அதுதான் கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் வரைகிற போர்டு, அந்த விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் இருப்பது என்விடியாவின் 3060 டிஐ. புதிய 5060 டிஐ-யில் ஜிடிடிஆர்7 என்ற புதுத் தலைமுறை மெமரி, இரண்டு மடங்கு வேகம், அதை வாங்கித் தாருங்கள் என்கிறானாம். அவன் சொன்னதில் பொய் இல்லை. பழைய மெமரி சிப் ஒரு பின், அதாவது ஒரு கம்பி வழியாக நொடிக்கு 14 கிகாபிட் தள்ளும், புதியது 28. ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிடாது.

உன் பிரஸ்ஸையே எடுத்துக்கொள். மெஷின் எத்தனை வேகம் ஓடினாலும் ஃபீடர் தாள் கொடுத்தால்தானே அச்சு விழும்? கிராபிக்ஸ் சிப் மெஷின் என்றால் மெமரிதான் ஃபீடர். ஃபீடரின் வேகத்தை இரட்டித்துவிட்டு, இருக்கிற இரண்டில் ஒன்றைக் கழற்றிப் போட்டால் என்ன மிச்சம்? அதைத்தான் செய்திருக்கிறார்கள். 2020-ல் வந்த 3060 டிஐ-க்கு 256 பிட் அகலம், அதாவது 256 கம்பி பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறது. 2025-ல் வந்த 5060 டிஐ-க்கு 128. வேகத்தை அகலத்தால் பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்துப் பார், இரண்டுக்கும் நொடிக்கு 448 ஜிபி. புள்ளி பிசகாமல் அதே எண். நாலரை வருஷத்து முன்னேற்றம் அகலத்தைக் குறைப்பதிலேயே போய்விட்டது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புதியதில் கிராபிக்ஸ் சிப்புக்கு உள்ளேயே 32 எம்பி கேஷ் என்ற கைவச மெமரி இருக்கிறது, பழையதில் 4 எம்பிதான். மெஷின் பக்கத்திலேயே பெரிய கட்டாகத் தாள் வைத்துக்கொண்ட மாதிரி. அடிக்கடி வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை. அதனால் புதியது வேகமாகத்தான் ஓடும், இரண்டு மடங்கெல்லாம் எதிர்பார்க்காதே.

இந்த வித்தை புதிதும் இல்லை. 2008-ல் நாம் பங்கு போட்டு வாங்கிய ஏஎம்டி-யின் ரேடியான் 4870 கார்டு ஞாபகம் இருக்கிறதா? ஜிடிடிஆர்5 முதலில் வந்தது அதில்தான். ஒரு பின்னுக்கு 3.6 கிகாபிட், 256 பிட், மொத்தம் 115 ஜிபி. எதிராளியான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 280 பழைய ஜிடிடிஆர்3-ஐ வைத்துக்கொண்டு 512 பிட் அகலத்தில் 141 ஜிபி காட்டியது. விலை 649 டாலர். நம்முடையது 299. அகலம் குறைந்ததால் போர்டு எளிதானது, மிச்சமான காசு வாங்குகிறவன் கைக்கும் வந்தது. இப்போது? 3060 டிஐ வந்தபோது 399 டாலர், 5060 டிஐ 8 ஜிபி வந்தபோது 379. இருபது டாலர்! என் எரிச்சலெல்லாம் அங்கேதான்.

மெமரி சிப் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது அசல் வேலை. முன்பு கம்பியில் இரண்டே வோல்டேஜ் நிலை, ஒரு துடிப்புக்கு ஒரு பிட். ஜிடிடிஆர்6எக்ஸ்-ல் மெமரி செய்யும் மைக்ரான் கம்பெனி நாலு நிலை வைத்தது, துடிப்புக்கு இரண்டு பிட். ஆனால் அதே வோல்டேஜுக்குள் நாலு படி வெட்டினால் படியின் உயரம் குறையும், கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தாலும் படி மாறித் தெரியும். 2024 மார்ச்சில் வெளியான ஜிடிடிஆர்7 விதிகளில் நடுவழி பிடித்தார்கள். மூன்று நிலை. இரண்டு துடிப்பு சேர்ந்தால் ஒன்பது விதம் வரும். அதில் எட்டை வைத்து மூன்று பிட் அனுப்பிவிடலாம். எவன் தலையில் உதித்ததோ!

என் பாடுதான் திண்டாட்டம். ஜிடிடிஆர்5 சிப்புக்கு அடியில் 170 பால், 6-க்கு 180, 7-க்கு 266. போன மாதம் மைனிங்கில், அதாவது கிரிப்டோ காசு எடுக்கிற வேலையில், உழைத்துத் தேய்ந்த ஒரு கார்டு ரிப்பேருக்கு வந்தது. திறந்தால் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேடெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, எண்ணெய் கசிந்து போர்டெல்லாம் பிசுக்கு. உதிரிக்காக வைத்திருக்கும் பழைய போர்டில் இருந்து ஒரு சிப்பை ஹாட் ஏரில் எடுத்து, அடியில் புதுப் பால் பதித்து உட்கார வைத்தேன். திரையில் கோடு கோடாக வந்தது. கழற்றிப் பார்த்தால் மூலையில் ஒரே ஒரு பால் ஒட்டவில்லை. மறுபடி முதலில் இருந்து. சாயந்திரம் ஆறு மணிக்குப் படம் சுத்தமாக வந்தபோது எனக்குச் சாப்பாடே நினைவில்லை.

தம்பி பிளெண்டர் என்ற 3டி படம் செய்யும் சாஃப்ட்வேரில் வேலை செய்கிறான் என்றால் வேகத்தைவிடக் கொள்ளளவுதான் முக்கியம். காட்சி மெமரிக்குள் அடங்காவிட்டால் கார்டு மதர்போர்டு வழியாகக் கம்ப்யூட்டரின் ராமைப் போய்க் கேட்க வேண்டும், அது மாட்டுவண்டி. இப்போதும் அவனிடம் 8 ஜிபி, புதிதிலும் 8 ஜிபி என்றால் காசு வீண். 16 ஜிபி உள்ளதை வாங்கிக் கொடு, இல்லையென்றால் சும்மா இரு. தள்ளிப் போட்டால் விலை குறையும் என்றும் நம்பாதே. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று பேருக்கும் ஏஐ சர்வர்தான் இப்போது பெரிய வாடிக்கை. 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த க்ரூஷல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

முழங்கால் இப்போது எப்படி? சித்திரையில் சென்னை வருவதாக எழுதியிருக்கிறாயே, தம்பியையும் கூட்டி வா. அந்த 3060 டிஐ-யையும் எடுத்து வரச் சொல், பேடு மாற்றித் தருகிறேன். நம் 4870 இன்னும் என் டிராயரில்தான் கிடக்கிறது. அதையும் அவன் பார்க்கட்டும்.

அன்புடன்,
ராஜு