ஹெல்ப்டெஸ்க்கில் போனை எடுத்தவருக்கு நன்றி

பல்கலைக்கழக மெயில் புதிய சிஸ்டத்துக்கு மாறிய அன்று, பழைய மெயில்கள் ஒழுங்காக வந்துவிட்டன. காலண்டர்தான் காலை வாரியது. பத்து மணி வகுப்பெல்லாம் விடியற்காலையில் போய் உட்கார்ந்திருந்தது.

"டைம் ஸோன் யூடிசியில நிக்குது மேடம், மாத்திடலாம்" என்றார் போனை எடுத்தவர். யூடிசி என்றால் உலகப் பொது நேரமாம், நம் நேரத்துக்குப் பின்னால் ஓடுவது. சரி, மாற்றியாயிற்று. அதோடு விடவில்லை. என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வாராந்திரத் துறைக் கூட்டம் இரண்டிரண்டாகத் தெரிவதைக் கவனித்தார். எது அசல், எது ஐசிஎஸ் கோப்பிலிருந்து (காலண்டர் பதிவுகளை இடம் மாற்றக் கொண்டுபோகும் கோப்பு) வந்த நகல் என்று பிரித்துச் சொல்லி, நகலை மட்டும் நீக்க வைத்தார். நான் பாட்டுக்கு அசலை நீக்கியிருந்தால் துறையில் அத்தனை பேருக்கும் 'கூட்டம் ரத்து' என்று மெயில் பறந்திருக்கும்!

முக்கால் மணி நேரம், துளியும் சலிப்பில்லாமல். பெயர் கேட்கத்தான் மறந்துவிட்டேன். ரொம்ப நன்றிங்க.