பழைய துணியைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அலமாரியை ஒழுங்குபடுத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேண்டாத உடைகளை யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதியதற்கு இடம் பண்ணுங்கள் என்று முடித்திருந்தீர்கள். அந்த யோசனையை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மேலை நாடுகளில் இப்படிச் சேரும் துணியில் ஒரு பகுதிதான் உள்ளூரில் யாருக்காவது பயன்படுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது. கானாவின் அக்ரா நகரில் கண்டமான்டோ என்று பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலேயே, பல நேரம் கடன் வாங்கி, வியாபாரிகள் மூட்டையை எடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் சாயம் போனதும் தையல் விட்டதுமாக இருக்கும், நஷ்டம் அவர்கள் தலையில். விற்காத துணி சாக்கடையை அடைத்து, கடலுக்குப் போய், திரும்பக் கடற்கரையில் ஒதுங்குகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் இதே கதைதான், அங்கே குவியல் குவியலாகக் கொட்டியே விட்டார்கள்.

மறுசுழற்சி செய்யலாமே என்பார்கள். உங்கள் சட்டையின் உள்பக்க லேபிளைப் பாருங்கள். பருத்தி, பாலியஸ்டர், இழுபடுவதற்குக் கொஞ்சம் எலாஸ்டேன் என்று கலந்திருக்கும். கலந்த இழையைப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, அதனால்தான் பழைய உடை மறுபடி புது உடையாவது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறுவதில்லை. அப்புறம் தையலையும் பாருங்கள். முன்பு உடம்பு பெருத்தால் பிரித்து விடுவதற்கென்றே உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள், இப்போது ஓரத்தை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் தூக்கிப் போடுவோம் என்று தெரிந்துதான் தைக்கிறார்கள்.

அந்தக் கொஞ்ச நாளையும் குறைப்பது நம் கையிலிருக்கும் போன். ஒரு பெண் பெட்டி நிறைய உடைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறார், கீழே லிங்க், வாங்கினால் பல நேரம் அவருக்குக் கமிஷன். ஒருமுறை போட்டோவில் வந்த உடையை மறுபடி போடக் கூசுகிறார்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள்! இதைப் பார்க்கத்தான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்த அவசரத்தின் விலையைத் தைப்பவர்கள் கொடுக்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் ஆடைத் தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. 'இந்த மாத ட்ரெண்ட்' பக்கத்தை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஜிப் மாற்றுவது, கிழிசலை இழையோட்டுவது, பாவாடைத் துணியைச் சட்டையாக்குவது என்று ஒரு தையல்காரரை எழுதச் சொல்லுங்கள். வாங்காமல் இருப்பதைப் பற்றியும் ஒரு கட்டுரை வரட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி