போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள்

குவாதலஹாராவுக்கு வேலைக்கு வந்திருக்கும், இனி வரப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில், சப்பாலா ஏரிக்கரையில், அதே பெயருள்ள சிற்றூரில் ஆறு வருடமாக இருக்கிறேன். திருப்பூரிலிருந்து என்னோடு வந்த நாட்டு நாய் மணியும் இருக்கிறான். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது மணி இல்லை, வேறொரு நாய்.

போன அக்டோபரில் ஒரு காலை. மணியைக் கூட்டிக்கொண்டு மலெக்கோனுக்கு, அதாவது ஏரிக்கரை நடைபாதைக்கு, போய்க்கொண்டிருந்தேன். பூட்டிக் கிடந்த ஒரு பச்சை கேட்டின் முன்னால் செம்பட்டை நிறப் பெட்டை நாய் ஒன்று படுத்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வலது காதின் ஓரம் முழுக்க உண்ணி, கொத்தமல்லி விதையைக் கோத்து வைத்த மாதிரி. பின் தொடையில் மற்ற நாய்கள் கடித்த காயம். மணி அதைப் பார்த்து நின்றுவிட்டான். "வா, போலாம்" என்று கயிற்றை இழுத்தேன். மணி அசையவில்லை. அந்த நாய் எழுந்து என்னிடம் வந்தது.

ஏதோ ஒரு சந்தேகத்தில் "உக்காரு" என்றேன். உட்கார்ந்தது. "கை குடு" என்றேன். முன்னங்காலைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தது.

இந்த ஊரில் எனக்குத் தெரிந்து என்னைத் தவிர வேறு தமிழர் யாரும் இல்லை. அந்தக் காலைப் பிடித்தபடி நடுத்தெருவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எதிர்வீட்டு அம்மா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார் (இங்கும் காலையில் வாசல் தெளிக்கிறார்கள், கோலம்தான் இல்லை). அவர் சொன்னார்: அந்த வீட்டில் இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது, ஜூலையில் ஊருக்குப் போய்விட்டார்கள், சின்னப் பையன் இந்த நாயை "லாதூ, லாதூ" என்று கூப்பிடுவான். "லட்டு" என்றேன் நான். அவள் வால் தரையைத் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் நாய்க்கு மெக்சிகோவில் சோலோவினோ என்று பெயர் வைப்பது வழக்கம். 'தனியாக வந்தவன்' என்று அர்த்தம். நம் ஊரில் மணி, டைகர் மாதிரி, தெருவுக்கு ஒரு சோலோவினோ இருப்பான். லட்டு தனியாக வந்தவள் இல்லை. சந்தையில் குட்டியாக வாங்கி, வீட்டுக்குள் வளர்த்து, தமிழ் பழக்கி, மூன்று மாதம் அந்த கேட்டுக்கு முன்னால் காத்திருக்கும்படி விட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலை ஒப்பந்தம் முடிகிறது, டிக்கெட் போட்டாகிவிட்டது, கடைசி இரண்டு வாரத்தில்தான் நாயின் நினைவு வருகிறது. விமான நிறுவனம் ஏதேதோ தாள் கேட்கிறது. அப்போது மனசுக்கு ஒரு சமாதானம் கிடைக்கிறது: "இங்கே தெருவெல்லாம் நாய்தானே, யாராவது சோறு போடுவாங்க." நம் ஊரில் அப்படித்தான். ஒரு தெருநாய்க்கு டீக்கடை பிஸ்கட், மெஸ் வாசல், மூன்றாவது வீட்டுப் பாட்டி என்று நாலு இடம் இருக்கும். அதே கணக்கை இங்கே போடுகிறீர்கள். இங்கே அது பொருந்தாது.

இங்கே தெருவில் நீங்கள் பார்க்கும் நாய்களில் பாதிக்கு மேல் வீட்டு நாய்கள் என்பது என் அனுபவம். காலையில் கதவைத் திறந்து விடுவார்கள். ஊரைச் சுற்றிவிட்டு, இறைச்சிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பொழுது சாய வீடு திரும்பும். கழுத்துப் பட்டை இருக்காது, ஆனால் எந்த வீட்டு நாய் என்று தெருவுக்கே தெரியும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் வெளி நாய் நுழைந்தால் கடிதான். லட்டுவின் தொடையில் இருந்தது அந்தக் கடி. வீட்டுக்குள் வளர்ந்த நாய்க்கு அந்தச் சண்டை தெரியாது, குப்பைப் பையைக் கிழிக்கக்கூடத் தெரியாது.

மெக்சிகோக்காரர்களுக்கு நாய் பிடிக்கும் என்று சொல்வீர்கள். பிடிக்கும்தான். 2021-ல் அரசின் புள்ளியியல் நிறுவனம் எடுத்த கணக்கின்படி, நூற்றுக்கு எழுபது வீடுகளில் ஏதாவது ஒரு வளர்ப்புப் பிராணி இருக்கிறது. நாய்கள் மட்டும் 4 கோடியே 38 லட்சம். அப்படியென்றால் உங்கள் நாய்க்கு யார் வீட்டில் இடம் மிச்சம் இருக்கிறது? எங்கள் பக்கத்தில் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. அங்கே வேலை செய்பவர்கள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அட்டைப் பெட்டியில் குட்டிகள் இருக்கும். 2024 டிசம்பரில் விலங்குகளைக் கொடுமை செய்வதை இந்த நாட்டின் அரசியல் சாசனமே தடை செய்தது. பசியோடு தெருவில் விட்டுப் போவதை வேறு என்னவென்று சொல்வது?

நாயோடு இங்கே வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள். இந்த ஊர் என்னை ஏற்றுக்கொண்டதே மணியால்தான். முதல் மாதம் ஸ்பானிய மொழியில் எனக்குக் காதில் விழுந்த ஒரே கேள்வி "முயெர்தே?" (கடிக்குமா?). கடிக்காது என்று சொன்னதும் குழந்தைகள் குனிந்து தடவுவார்கள், தாத்தாக்கள் தொப்பியைத் தொட்டு 'புவெனோஸ் தியாஸ்' சொல்வார்கள். இங்கே தெருவில் எதிர்ப்படும் எல்லோருக்கும் வணக்கம் சொல்வது மரியாதை, சொல்லாமல் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாயோடு நடப்பவருக்குத் தினம் முப்பது வணக்கம். மணி எந்த ஜாதி என்று கேட்பார்கள், "இந்தியா" என்றால் சிரிப்பார்கள், ஏனென்றால் இங்கே கிரியோயோ என்று அழைக்கப்படும் கலப்பு நாய்க்கும் நம் நாட்டு நாய்க்கும் முகத்தில் வித்தியாசமே இல்லை.

வருகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு உடல்நலச் சான்றிதழும், வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கும் பூச்சி மருந்து கொடுத்ததற்கும் பதிவும் வேண்டும். கூண்டு சுத்தமாக இருக்க வேண்டும். மணியின் கூண்டில் அம்மாவின் பழைய சேலையை விரித்திருந்தேன், வாசனைக்காக. விமான நிலைய ஆய்வு மேசையில் அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். விதி அது. நீங்கள் அந்தச் சேலையைக் கைப்பையில் மடித்து வையுங்கள்.

வெறிநோயைப் பற்றிய பயம் நம் ரத்தத்தில் ஊறியது. இங்கே அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நாயால் பரவும் வெறிநோயில் மனிதர் சாவதை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மெக்சிகோவை அறிவித்தது. எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டுமானால் தடுப்பூசி வாரத்தில் ஊரின் மையச் சதுக்கத்துக்கு வாருங்கள். ஒரு மடக்கு மேசை, ஐஸ் பெட்டி, வெள்ளைக் கோட்டுடன் இரண்டு பேர். பிளாஸ்டிக் சந்தைப் பையிலிருந்து தலையை மட்டும் நீட்டும் குட்டியோடு பாட்டிகள், துணி காயப்போடும் கயிற்றில் கட்டிய நாயோடு பையன்கள். காசு கிடையாது. 1990-லிருந்து வருடா வருடம் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் நாயையும் அந்த வரிசையில் நிறுத்துங்கள். அங்கே தரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

அசோத்தேயாவில் விடாதீர்கள். வீட்டின் தட்டை மாடியை அப்படிச் சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் கேஸ் தொட்டிக்கும் நடுவில் வெயிலில் நின்று, தெருவில் போகிறவர்களைப் பார்த்து நாளெல்லாம் குரைக்கும் நாய்கள் எல்லா மெக்சிகோ ஊரிலும் உண்டு. ஊர் வழக்கம்தானே என்று நாமும் செய்ய வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் அந்த சிமென்ட்டில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

மழைக்காலம் ஜூனில் தொடங்கும். உண்ணி பெருகும், பெரிய தேரைகள் வெளியே வரும், அவற்றை வாயில் கவ்வினால் நாய்க்கு நுரை தள்ளும். காயத்தை ஒரு நாள்கூடப் பார்க்காமல் விடாதீர்கள். உயிருள்ள சதையைத் தின்னும் ஈப்புழு ஒன்று பல வருடங்களுக்குப் பிறகு 2024 நவம்பரில் தென் மெக்சிகோவில் மறுபடி தென்பட்டது. லட்டுவின் தொடைக் காயத்தை மருத்துவர் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தது அதற்காகத்தான். புழு இல்லை. ஆனால் உண்ணியால் வரும் எர்லிக்கியா என்ற தொற்று இருந்தது. ரத்தத் தட்டணு குறைந்து மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டு நாள் மாத்திரை, தினம் சூடான தோர்த்தியாவில், அதாவது இந்த ஊர் ரொட்டியில், சுருட்டிக் கொடுத்தேன். முதல் வாரம் அவள் அதைத் தின்னாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.

இன்னொன்று, கொஹேத்தே. ஊர்த் திருவிழாவில் விடியற்காலையிலேயே வானத்தில் விடும் வாணவெடி. சப்பாலா கோயில் புனித பிரான்சிஸுக்கு உரியது. அக்டோபர் 4-க்கு முன்னால் ஒன்பது நாள் வெடிதான். இதை நிறுத்தச் சொல்லி மனு எழுதும் வெளிநாட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் சேராதீர்கள். அது அவர்கள் வழிபாடு, நாம் வந்தவர்கள். நாயை உள்ளறையில் வைத்து ஜன்னலைச் சாத்தி, பக்கத்தில் உட்காருங்கள். கழுத்தில் போன் நம்பர் எழுதிய தகடு கட்டாயம். பயந்து ஓடிய நாய் திரும்பி வர அந்தத் தகடு ஒன்றுதான் வழி. லட்டு அந்த ஒன்பது நாளும் தெருவில்தான் இருந்திருக்கிறாள், பூட்டிய கேட்டோடு உடம்பை ஒட்டிக்கொண்டு. எதிர்வீட்டு அம்மா பார்த்துச் சொன்னது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே அதை எப்படித் திரும்பக் கூட்டிப் போவது என்று யோசியுங்கள். வெளிநாட்டில் இரண்டு வருடம் தொடர்ந்து வசித்து, குடியிருப்பை மாற்றி இந்தியா திரும்புகிறவர்தான் வளர்ப்பு நாயைப் பயணச் சாமானாகக் கொண்டுவரலாம், ஒருவருக்கு இரண்டு வரை, என்று 2013-ல் நம் சுங்கத்துறை வைத்த விதி. உங்கள் ஒப்பந்தம் ஒன்றரை வருடம் என்றால், சந்தையில் குட்டியைக் கையில் எடுக்கும்போதே இது நினைவில் இருக்கட்டும். விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் சென்னையில் இறக்க முடியாது. வெறிநோய் ஊசி குறைந்தது ஒரு மாதம் முன்னால் போட்டிருக்க வேண்டும். மெக்சிகோ அரசின் ஏற்றுமதி உடல்நலச் சான்றும் தேவை. கோடை மாதங்களில் பல விமான நிறுவனங்கள் சரக்குப் பகுதியில் நாயை ஏற்றுவதில்லை. இங்கிருந்து அமெரிக்காவுக்கு மாற்றலாகிறவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் வேறு விதி: ஆறு மாத வயது, தோலுக்கடியில் மைக்ரோசிப், முன்கூட்டி நிரப்பிய படிவம். எல்லாவற்றுக்கும் மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். கடைசி இரண்டு வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை.

கூட்டிப் போகவே வழியில்லை என்றால், அதே நான்கு மாதத்தில் ஒரு வீடு தேடுங்கள். கருத்தடை செய்து, ஊசிப் புத்தகத்தோடு, அந்த வீட்டில் வாரம் இரண்டு நாள் பழக விட்டுக் கொடுங்கள். என்னிடம் கேளுங்கள், சேர்ந்து தேடுவோம். என்ன தயக்கமாக இருந்தாலும் கேளுங்கள். கேட்டைப் பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள்.

லட்டுவின் நிறத்தைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா ஒரு விஷயம் சொன்னார். செத்த பிறகு ஒரு ஆற்றைக் கடக்க வேண்டுமாம், அதைக் கடத்திவிடுவது நாய்தானாம். வெள்ளை நாய் இப்போதுதான் குளித்தேன் என்று ஒதுங்கிவிடும், கறுப்பு நாயும் சாக்கு சொல்லும், செம்பட்டை நாய்தான் ஆளைச் சுமந்து நீந்தும். ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த நம்பிக்கை இது, பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான கொலீமாவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கல்லறைகளில் களிமண் நாய்கள் கிடைத்திருக்கின்றன, கொழுகொழுவென்று, செந்நிறத்தில். "உன்னோடவ நல்ல நிறம், விட்டுடாதே" என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை எலும்பு கொண்டுவந்து தருகிறார்.

லட்டுவை வளர்த்த குடும்பத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. இது உங்கள் கண்ணில் பட்டால் வெட்கப்பட்டு மூடிவிடாதீர்கள். அவள் உயிரோடு இருக்கிறாள், என்னிடம் இருக்கிறாள். 11 கிலோவில் வந்தவள் இப்போது 17 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது, மைக்ரோசிப் போட்டாயிற்று, தாள்கள் எல்லாம் ஒரு உறையில் தயார். நீங்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன், கேட்காவிட்டால் கடைசி வரை நான் வைத்துக்கொள்கிறேன். காலையில் அந்தப் பச்சை கேட் வரும்போது இன்னும் நிற்கிறாள். நானும் மணியும் கூடவே நிற்போம். அவளாக நகர்ந்த பிறகுதான் ஏரிக்குப் போவோம்.

உங்கள் பையனிடம் சொல்லுங்கள். அவன் "லட்டு" என்று கூப்பிட்டுப் பதிவு செய்து அனுப்பினால், அவளுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சப்பாலாவிலிருந்து,
மணி, லட்டுவோடு வாழும் உங்களில் ஒருத்தி