கையெழுத்துப் போடுமுன்

சிவமயம்

பள்ளத்தூர்

அன்பு மகன் தேனப்பனுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கு அப்பச்சியும் நானும் நலம். நீயும் மருமகளும் வள்ளிக்குட்டியும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பெரிய வீட்டு இரண்டாம் கட்டுத் தேக்குத் தூண்களை விற்க ஒப்புதல் கேட்டுப் பங்காளிகள் உனக்கு ஒரு தாள் அனுப்பியிருப்பார்கள். பதினொரு புள்ளியில் (பங்குள்ள குடும்பத்தில்) ஏழு பேர் கையெழுத்து ஆகிவிட்டதாம். நீ இதைப் படித்து முடிக்கும்வரை அதில் பேனாவை வைக்காதே.

திருக்கடையூரில் உன் அம்மானுக்குச் சாந்தி நன்றாக நடந்தது. சாப்பாட்டு விவரமெல்லாம் அயித்தை போனிலேயே சொல்லியிருக்கும். மறுநாள் எல்லோரும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்ப, நான் மட்டும் தரங்கம்பாடி என்று பிடிவாதமாக நின்றேன். பையன் டென்மார்க்கில் கோபன்ஹேகனில் உட்கார்ந்திருக்கிறான், அந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருடத்துக்கு மேல் கடை வைத்திருந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது, பார்க்காமல் திரும்புவதா? அப்பச்சி முணுமுணுத்துக்கொண்டேதான் காரை அந்தப் பக்கம் விடச் சொன்னார்கள்.

ஊருக்குள் நுழையும்போதே வெள்ளையாக ஒரு கோட்டை வாசல் நிற்கிறது, 1792இல் கட்டியது, மேலே டேனிஷ் ராஜாவின் முத்திரை. அதைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. இரண்டு பக்கமும் தேவாலயங்கள், பள்ளிக்கூடம், முன்னால் தூண் வைத்த பழைய வீடுகள். சத்தமே இல்லை. அப்பச்சி இறங்கினதும், "நம்ம ஊர் மாதிரியேல்ல இருக்கு, வீடு இருக்கு, ஆளைக் காணோம்" என்றார்கள். அதற்குப் பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது.

கோட்டை நான் நினைத்த அளவு பெரிதில்லை. டேன்ஸ்போர்க் என்று பெயர். கீழே கிடங்கும் சமையல்கட்டும் சிறையும், மேலே அதிகாரிகள் இருந்த அறைகள். இப்போது அருங்காட்சியகம். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் பேசி 1620இல் இந்த இடத்தை வாங்கியவர் ஓவே கெட்டே என்ற கப்பல் தலைவர் (பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவன் நீதான்). அப்போது அவருக்கு வயது 25. நம் நகரத்தாரில் அந்த வயதில் ஒரு வட்டிக் கடையில் மேலாளுக்குக் கீழே அடுத்தாளாக இருந்தாலே பெரிது, அவர் ஒரு ராஜாவுக்காக இன்னொரு ராஜாவிடம் பேரம் பேசியிருக்கிறார். நாயக்கர் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன்னோலையில் தமிழில் கடிதம் எழுதி அனுப்பினாராம். அந்த ஓலை இன்றைக்கும் நீ இருக்கும் ஊரில், அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அத்தனை நாளாக அங்கே இருக்கிறாய், போய்ப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர்களுக்கு ஆசை மிளகின் மேல். ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் மிளகு ஏது? இங்கே நெய்த துணியைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்து, மிளகும் கிராம்பும் வாங்கியிருக்கிறார்கள். நம்மவர்கள் சொல்லும் 'கொண்டுவிக்கப் போவது' இதுதான் என்று அப்பச்சிக்குச் சொன்னேன். கோட்டைத் தலைவர் யார் என்று கேட்டார்கள். மேலாள்தான், முதலாளி கோபன்ஹேகனில் இருக்கிறார் என்றேன். அப்படிச் சொன்னதும் அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எனக்கு அந்த ஊரில் மறக்க முடியாத ஆள் வேறொருவர். 1640 வாக்கில் தொடங்கி 29 வருடம் டென்மார்க்கிலிருந்து இங்கே வர ஒரு கப்பலும் கிளம்பவில்லை. அங்கே சண்டை, பணமுடை, கம்பெனியே நொடித்துப்போனது. இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, கடைசியில் மிஞ்சிய டேனிஷ்காரர் எஸ்கில்ட் கோங்ஸ்பக்கே. சாதாரணச் சிப்பாயாக வந்தவர் என்கிறார்கள். அவர்தான் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பியிருக்கிறார். 1669இல் கப்பல் வந்தபோது கொடி இறங்காமல் இருந்தது. நம் கடைகளில் மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. மூன்றாவது வருடம் முடிந்து மாற்றாள் வரவில்லையென்றாலே வீட்டுக்குக் கடுதாசி மேல் கடுதாசி போடுவார்கள். 29 வருடம்! ஆனால் இதையும் சொல்ல வேண்டும். முதலாளியிடமிருந்து பணம் வராத அந்தக் காலத்தில் கோட்டைச் செலவு நடந்தது வங்காளக் கப்பல்களை மடக்கிப் பிடித்த சரக்கில். அந்தப் பக்கத்து வரவு செலவு ஐந்தொகையை எவரும் சுவரில் எழுதி மாட்டவில்லை.

டேனிஷ் ராஜா அனுப்பிய போதகர் சீகன்பால்கு ஐயரைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1706இல் வந்து இறங்கியவர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். சொந்தக் கவர்னரே அவரை நாலு மாதம் இந்தக் கோட்டையில் அடைத்து வைத்தார். வியாபாரிக்கும் போதகருக்கும் என்றைக்கும் ஒத்துப்போகாது போலிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்க, பாலாடைக்கட்டி வந்த டப்பாவின் ஈய மூடியை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்களாம். எனக்கு அந்த டப்பா கதைதான் ரொம்பப் பிடித்தது. 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. அவர் கட்டிய 1718ஆம் வருடத்துப் புது எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். 36 வயதுதான். அந்தத் தேவாலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. மரம் பளபளவென்று இருக்கிறது, ஒரு ஒட்டடை இல்லை.

கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியன் குலசேகரன் காலம், டேனிஷ்காரர்களுக்கு முந்நூறு வருடம் மூத்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 சுனாமியில் இங்கே மீனவர் குப்பம் பட்ட பாட்டை அங்கிருந்த ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எழுதக் கை வரவில்லை. பூம்புகார் அங்கிருந்து வடக்கே பக்கம்தான். நாம் அங்கிருந்து கடலுக்குப் பயந்து வந்தவர்கள், அதனால்தான் தண்ணீர் இல்லாத சீமையில் வந்தும் வீட்டை இத்தனை படி உயர்த்திக் கட்டுகிறோம் என்று அப்பத்தா சொல்லும். அது உண்மையோ கதையோ, அந்தப் பாறையின் மேல் நின்றபோது நம்பத்தான் தோன்றியது.

1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். அப்பச்சி உடனே, "கெட்டிக்காரன், விலைக்குக் கொடுத்துட்டுப் போயிட்டான். நமக்குப் பர்மாவுல ஒரு சல்லி தேறலையே" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டையா பர்மாவில் பெகுவில் வட்டிக் கடை வைத்திருந்தது உனக்குத் தெரியும். 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மாக் குடியானவர்களால் கட்ட முடியாமல், அடமான நிலமெல்லாம் நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நம்மவர் கையில். 1938இல் அதுவே 25. நாலில் ஒரு பங்கு, அப்பு! 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் உயிர் பிழைத்தால் போதும் என்று நடந்தே வந்தார்கள், பிறகு பர்மா சுதந்திரம் அடைந்து நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நாம் பட்டாளத்தோடு போகவில்லை, வட்டிக்குத்தான் கொடுத்தோம் என்று ஐயா சொல்வார்கள். இங்கிலீஷ்காரனின் கோர்ட்டும் அமீனாவும் இல்லாமல் அந்த வட்டி வசூலாகியிருக்குமா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுப்படியில் வேலை இல்லையா என்றிருப்பார்கள். கோட்டை வாசலில் அந்த ராஜ முத்திரையைப் பார்த்து யாரோ பெருமூச்சு விட்டபோது, பெகுவில் நம் கடைப் பலகையைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

அந்தத் தூண்கள் அந்தப் பணத்தில் வந்தவை. ஆகையால் குடும்பப் பெருமை என்று சொல்லி உன்னைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்வது வேறு.

தரங்கம்பாடியில் வீடு வீடாகப் பார்த்தேன். ஆள் புழங்குகிற வீடு நிற்கிறது. பள்ளிக்கூடமாகவோ ஆபீஸாகவோ விடுதியாகவோ யாராவது உள்ளே விளக்குப் போட்டுக் கூட்டிப் பெருக்கினால் முந்நூறு வருடச் சுவரும் நிற்கிறது. சிலவற்றைச் சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பழைய முறையிலேயே பழுது பார்த்திருக்கிறார்கள். பூட்டிப் போட்டவற்றில் கூரை முதலில் போகிறது, பிறகு ஆலமரம் வேர் விடுகிறது, பிறகு யாரோ நிலைக்கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். நம் வீட்டில் அந்த வரிசையைத் தலைகீழாக நாமே தொடங்குகிறோம். இரண்டாம் கட்டு வளவுக் கூரை (முற்றத்தைச் சுற்றிய கூரை) முழுதும் அந்தத் தூண்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குத் தூண் போன அன்றே ஓடு சரியத் தொடங்கும், இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்கலாம் என்கிறவர்கள் ஒரு மழைக்காலம் அங்கே படுத்துப் பார்க்கட்டும். அப்புறம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எங்கே கூடுவது? கல்யாண மண்டபத்திலா?

நான் நினைப்பது இதுதான். முகப்பையும் பட்டாலைக் கூடத்தையும் மட்டும் தங்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம், கானாடுகாத்தானில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். அந்தப் பணத்தில் இரண்டாம் கட்டு ஓட்டை மாற்றலாம். பக்கத்தில் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், சாவியும் என்னிடம்தானே இருக்கிறது. நடுவீட்டுக்கும் சாமி அறைக்கும் ஒருவரும் போகக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பச்சிக்கு இதில் அரை மனதுதான். வாடகைக்காரன் வளவில் காலை நீட்டிப் படுப்பானே என்கிறார்கள். படுக்கட்டும்.

உனக்கு வேறு யோசனை இருந்தால் காரணத்தோடு எழுது, கேட்டுக்கொள்கிறேன். பங்காளிகள் கூட்டம் ஆவணியில். வர முடியாவிட்டால் தாளில் 'சம்மதம் இல்லை' என்று உன் கையால் எழுதி, மீதி மூன்று புள்ளிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடு. மருமகளுக்குச் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறேன், சுங்கத்தில் கேட்டால் பலகாரம் என்று சொல்லச் சொல்.

இப்படிக்கு,
ஆத்தா